பாதியில் நின்ற லசான்யா

பெனிட்டா டீச்சர் யாரையும் சீடராக ஏற்றவர் அல்ல. கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அவருடைய வாழ்க்கை அவ்வளவுதான். ஆனாலும் வெள்ளிங்கிரி, கேட்கிறவர்களிடமெல்லாம், அவரைத்தான் தன் குரு என்று சொல்வார்.

வெள்ளிங்கிரிக்கு டீச்சரைவிட ஆறேழு வயது கூடுதல். மேட்டுப்பாளையத்துக்காரர். மலையிலிருந்து கேரட்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு இறங்கும் பிக்கப் வண்டியை ஓட்டியவர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சர்ச்சுக்குக் கீழே இருக்கும் வளைவில், அவருடைய வண்டி ஒரு ஸ்கூட்டரில் மோதியது. ஸ்கூட்டரில் வந்தவள் டீச்சரின் ஒரே மகள் ஷெரின். கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்தவள். லீவுக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

கோர்ட்டில் வெள்ளிங்கிரி, பிரேக் பிடிக்கவில்லை என்றார். தண்டனை கிடைத்தது. அனுபவித்துவிட்டு வெளியே வந்தார்.

ஜெயிலில்கூடத் தூங்கியவருக்கு வீட்டுப் பாயில் கண் மூடவில்லை. கோயிலுக்குப் போய் மொட்டை போட்டார். மலையடிவாரத்தில் ஒரு சாமியார், "எல்லாம் விதி, போய்ப் படு" என்று சொல்லித் திருநீறு பூசிவிட்டார். போய்ப் படுத்தார். விடியும்வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பஸ் ஏறி, டீச்சர் வீட்டு கேட்டின் முன்னால் போய் நின்றார்.

டீச்சர் வெளியே வந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

"என்ன வேணும்?"

"டீச்சருங்க... ஒண்ணு கேக்கோணும்ங்க."

"கேளுங்க."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். தூறிக்கொண்டிருந்தது. டீச்சர் அவரைப் போகச் சொல்லவில்லை. உள்ளே வரவும் சொல்லவில்லை.

வெகு நேரம் கழித்து டீச்சர்தான் கேட்டார்.

"கோழிக்கறி சுத்தம் பண்ணத் தெரியுமா?"

"தெரியுங்க."

"சனிக்கிழமை வாங்க. எலும்பில்லாம அரைக் கிலோ வாங்கிட்டு வாங்க."

கதவு சாத்திக்கொண்டது.

வெள்ளிங்கிரி வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி மயிலாத்தாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"சோத்துல எதையாவது கலந்து வெச்சுருவாங்க. போறீங்களா?"

"வெச்சாலும் தேவலை" என்றார் வெள்ளிங்கிரி.

சனிக்கிழமை போனார்.

சமையலறை மேசையில் கேரட், பீன்ஸ், குடமிளகாய், காளான், தக்காளி எல்லாம் கழுவி வைத்திருந்தது. மைதா மாவும் முட்டையும் ஒரு ஓரத்தில். டீச்சர் ஒரு கத்தியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"என்ன சமையலுங்க?"

"லசான்யா."

வெள்ளிங்கிரி அந்தப் பேரைக் கேட்டதில்லை.

"மாவை அப்பளம் மாதிரி மெலிசாத் தேய்ச்சு, நடுநடுவுல கறியும் காயும் அடுக்கி, ஓவன்ல வைக்கறது. ஷெரின் ஹாஸ்டல்ல இருந்து வந்து பையை இறக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் கேப்பா."

கேரட் சீவிய கை நின்றது.

"அன்னிக்கும் இதுதான்" என்றார் டீச்சர். "எல்லாம் ஆயிடுச்சு. சீஸ் வாங்க மறந்துட்டேன். நான்தான் போய் வாங்கிட்டு வான்னு அனுப்பினேன். வெள்ளை சாஸைக் கிண்டிக்கிட்டிருந்தேன். போன் வந்தது."

வெள்ளிங்கிரி தலை நிமிரவில்லை.

"கேரட்டை இன்னும் பொடியா வெட்டணும்" என்றார் டீச்சர்.

வெட்டினார். எத்தனையோ லோடு கேரட் ஏற்றியிருக்கிறார். ஒரு கேரட்டை இவ்வளவு நேரம் அவர் பார்த்ததில்லை.

கோழிக்கறி வெந்தது. வெந்த கறியை அவர் விரலால் உதிர்த்தார். டீச்சர் வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கித் தக்காளியைப் போட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

"பிரேக் பிடிக்கலைன்னு கோர்ட்டுல சொன்னீங்க."

"ஆமாங்க."

"நிஜமா?"

அடுப்பில் தக்காளி கொதித்தது.

"பொய்ங்க. வக்கீல் சொல்லச் சொன்னாருங்க."

"பின்னே என்ன?"

"போன் பேசிட்டிருந்தனுங்க."

"யார்கூட?"

"வூட்டுக்காரிகூடங்க. சண்டை."

"எதுக்கு சண்டை?"

வெள்ளிங்கிரி யோசித்தார். ஜெயிலிலும் பல தடவை யோசித்திருக்கிறார்.

"ஞாபகம் இல்லீங்க."

டீச்சர் திரும்பவில்லை. உப்பை எடுத்துப் போட்டார். "காயை இதுல கொட்டுங்க" என்றார்.

வெள்ளை சாஸுக்கு வெண்ணெயை உருக்கி மைதாவைப் போட்டு, பாலை ஊற்றிக் கிண்டச் சொன்னார். வெள்ளிங்கிரி கிண்டினார். கெட்டியாகிக்கொண்டு வந்தது. டீச்சர் வந்து கரண்டியால் எடுத்துப் பார்த்தார். அங்கங்கே கட்டி விழுந்திருந்தது. பாத்திரத்தைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தார்.

"வடிகட்டினா கட்டி போயிருமுங்களே டீச்சர்?"

"போயிடும்."

"பின்னே எதுக்குங்க கொட்டிட்டீங்க?"

"கிண்டறதை நிறுத்துனீங்க."

"ஒரு நிமிசம் ஜன்னல் பக்கம் பாத்தனுங்க. அவ்வளவுதானுங்க."

"தெரியும்" என்றார் டீச்சர். "வெண்ணெய் இருக்கு. முதல்ல இருந்து பண்ணுங்க."

பண்ணினார். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை. ஆவி முகத்தில் அடித்தது. டீச்சர் மிளகுத்தூளும், ஜாதிக்காயைத் துருவிக் கொஞ்சமும் போட்டார்.

அடுக்க ஆரம்பித்தார்கள். கண்ணாடித் தட்டில் தக்காளி சாஸ், அதன்மேல் தேய்த்த மாவு, அதன்மேல் கறி, காய், வெள்ளை சாஸ், மறுபடியும் மாவு.

"அடியில இருக்கறது தெரியறதே இல்லீங்களே" என்றார் வெள்ளிங்கிரி.

"வெட்டினாத் தெரியும்."

மேல் அடுக்குவரை வந்தாயிற்று. டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சீஸ் இல்லை."

வெள்ளிங்கிரி நிமிர்ந்து பார்த்தார்.

"கடைவீதியில பால் கடை இருக்கு. மொசரெல்லா சீஸ்னு கேளுங்க. குடுப்பாங்க."

"எந்த வழியாப் போறதுங்க?"

"ஒரே வழிதான்."

வெள்ளிங்கிரி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

சர்ச் வந்தது. அதற்குக் கீழே வளைவு வந்தது. இடிந்த இடத்தில் தடுப்புச்சுவரைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். அந்தப் பாகம் மட்டும் சிமெண்ட் வெளுப்பாக இருந்தது. மேலிருந்து ஒரு பிக்கப் வண்டி மூட்டைகளோடு வந்து, ஹாரன் அடித்துத் திரும்பி, போயிற்று. வெள்ளிங்கிரி சுவரில் கையை ஊன்றினார். சுவரைப் பிடித்தபடியே வளைவைக் கடந்தார். எதிரே மேட்டுப்பாளையம் பஸ் நின்றிருந்தது. ஏறிக்கொண்டார்.

வீட்டில், அன்று நடந்ததில் எதையும் மறைக்காமல் மனைவியிடம் சொன்னார். மயிலாத்தாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்தம்மா இப்ப என்ன பண்ணிட்டிருக்கும்?"

"தெரியலை."

"சீஸ் வாங்கப் போன புள்ளையும் திரும்பி வரலை. சீஸ் வாங்கப் போன நீங்களும் வரலை. அந்தம்மா என்னன்னுங்க நெனைக்கும்?"

வெள்ளிங்கிரி சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மேலே போகிற கடைசி பஸ் போயிருந்தது. மறுநாள் முதல் பஸ்ஸில் போனார். பால் கடை அப்போதுதான் திறந்திருந்தது. சீஸ் வாங்கிக்கொண்டார். வளைவில் நிற்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே ஏறினார்.

கேட்டில் கை வைப்பதற்கு முன்பே கதவு திறந்தது. முந்தின நாள் கட்டியிருந்த அதே சேலையில் டீச்சர் ஓடி வந்தார். வெள்ளிங்கிரியின் தோளைத் தொட்டார். கையைத் தொட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? அடிகிடி படலையே?"

வெள்ளிங்கிரி சீஸ் பொட்டலத்தை நீட்டினார்.

டீச்சருக்கு அப்போதுதான் தெரிந்தது, யாரிடம் என்ன கேட்டுவிட்டோம் என்று. கையை இழுத்துக்கொண்டார். முகம் கல்லானது.

"ஏன் வரலை?"

"பயந்துட்டனுங்க."

"ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல?"

"நம்பர் இல்லீங்க."

சர்ச்சில் மணி அடித்தது. ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"நேத்து செஞ்சது கெட்டுப்போச்சு. கொட்டிட்டேன். கோழி மறுபடி வாங்கணும்."

"நான் போயிட்டு வந்தர்றனுங்க. இந்தத் தடவை வந்தர்றனுங்க."

"இருங்க. நானும் வரேன்."

இருவரும் இறங்கினார்கள். டீச்சர் முன்னால் குடையோடு போனார். வெள்ளிங்கிரி நாலடி பின்னால் நடந்தார். வளைவு வந்ததும் டீச்சர் நின்றார்.

"எந்த இடம்?"

வெள்ளிங்கிரிக்குப் புரியவில்லை.

"எனக்கு எந்த இடம்னு தெரியாது. நான் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. பஸ்ல போறப்ப ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்குவேன். எந்த இடம்?"

வெள்ளிங்கிரி கையைக் காட்டினார். புதுச் சுவருக்கு இரண்டடி இந்தப் பக்கம். சாலையோரம் புல் முளைத்திருந்தது.

டீச்சர் அங்கே போய் நின்றார்.

"நினைவு இருந்துச்சா அவளுக்கு?"

"இருந்துச்சுங்க."

"யார் தூக்கினாங்க?"

"நான்தானுங்க. மடியில வெச்சிருந்தனுங்க, ஆம்புலன்ஸ் வர்றவரைக்கும்."

குடையில் தூறல் விழுகிற சத்தம் கேட்டது.

"ஏதாவது சொன்னாளா?"

வெள்ளிங்கிரி இதை யாரிடமும் சொன்னதில்லை. போலீஸ் கேட்கவில்லை. கோர்ட்டும் கேட்கவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை.

"சொல்லுச்சுங்க."

"என்ன?"

"வேண்டாமுங்க டீச்சர்."

"சொல்லுங்க."

"'அம்மாகிட்ட சொல்லிடாதீங்க அங்கிள், பயந்துடுவாங்க'ன்னு சொல்லுச்சுங்க."

டீச்சரின் குடை சரிந்தது. வெள்ளிங்கிரி எட்டிப் பிடிக்கப் போய், பாதியில் கையை நிறுத்திக்கொண்டார். டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அழுகைச் சத்தம் வரவில்லை. உடம்பு மட்டும் குலுங்கியது. வண்டிகள் ஹாரன் அடித்து வளைந்து போயின. கீழே விழுந்த குடையை எடுத்து, வெள்ளிங்கிரி தான் நனைந்தபடி அவர் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெகு நேரத்துக்குப் பிறகு டீச்சர் எழுந்தார். சேலையைத் தட்டிவிட்டார்.

"கறிக்கடையில கூட்டமாயிடும். வாங்க."

அன்றைக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார்கள். கேரட்டைப் பொடியாக வெட்டினார்கள். மாவு தேய்த்தார்கள். வெள்ளை சாஸைக் கிண்டும்போது வெள்ளிங்கிரியின் பக்கத்திலேயே டீச்சர் நின்றார். கட்டி விழவில்லை. மேல் அடுக்கில் சீஸைத் துருவித் தூவியது டீச்சர். கொஞ்சம் மேசையில் சிந்தியது. தட்டை ஓவனுக்குள் வைத்துக் கதவை மூடியது வெள்ளிங்கிரி.

சீஸ் உருகிப் பொன்னிறமாக ஆவதை ஓவன் கண்ணாடி வழியாக இருவரும் பார்த்தார்கள். வீடு முழுவதும் வாசனை நிறைந்தது. டீச்சர் எழுந்து போய் ஒரு ஜன்னலைத் திறந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, சாத்திவிட்டார்.

வெளியே எடுத்து வைத்ததும் வெள்ளிங்கிரி கத்தியை எடுத்தார்.

"இப்ப வெட்டக் கூடாது."

"ஏனுங்க?"

"சூட்டோட வெட்டினா சரிஞ்சுடும். ஆறட்டும்."

வெட்டவும் கிண்டவும் இதுவரை ஏதோ ஒன்று இருந்தது. இப்போது கைக்கு வேலை இல்லை. மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவே ஆவி பறக்கும் தட்டு. வெள்ளிங்கிரி தன் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"அவளுக்கு ஓரத்துத் துண்டுதான் வேணும்" என்றார் டீச்சர். "கொஞ்சம் கருகினது. நடுத்துண்டைத் தொடவே மாட்டா. ஆற விடவும் மாட்டா. நாக்கைச் சுட்டுக்கிட்டு, என்னைத் திட்டுவா."

வெள்ளிங்கிரி தட்டின் ஓரத்தைப் பார்த்தார்.

"நல்லா ஓட்டுவா ஸ்கூட்டர். எனக்குத்தான் பயம். மெதுவாப் போ, மெதுவாப் போன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். அன்னிக்கு மட்டும், கடை சாத்திடுவான், சீக்கிரம் போன்னு சொன்னேன்."

"அது மெதுவாத்தானுங்க வந்துச்சு" என்றார் வெள்ளிங்கிரி. "ரோட்டுல அது பக்கமாத்தான் வந்துச்சு. நான்தானுங்க தப்பான பக்கம்."

டீச்சர் அவரைப் பார்த்தார். முதல் தடவையாக நேராக, வெகு நேரம் பார்த்தார்.

"கோர்ட்டுல இதைச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கோணும்ங்க."

"அவ வேகமா வந்தான்னு உங்க வக்கீல் சொன்னாரு. நான் அதை நம்பினேன். இத்தனை நாளும் நம்பிக்கிட்டிருந்தேன்."

வெள்ளிங்கிரியின் தலை மேசைவரை தாழ்ந்தது.

"டீச்சருங்க, என்னை மன்னிப்பீங்களா?"

"மாட்டேன்" என்றார் டீச்சர்.

அதில் கோபம் இல்லை. பூகோள வகுப்பில் ஒரு நாட்டின் தலைநகரைச் சொல்வதுபோல் இருந்தது. எழுந்து கத்தியை எடுத்து வெட்டினார். அடுக்குகள் சரியாமல் நின்றன. வெள்ளை, சிவப்பு, நடுவே கேரட்டின் நிறம். ஓரத்துத் துண்டை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். நடுத்துண்டை வெள்ளிங்கிரிக்கு வைத்தார்.

டீச்சர் ஒரு வாய் எடுத்து மென்றார். மென்றுகொண்டே இருந்தார். விழுங்கினார்.

"உப்பு கொஞ்சம் கம்மி."

வெள்ளிங்கிரி வாயில் வைத்தார். தண்ணீர் குடித்தார். கண்ணிலிருந்து நீர் தட்டில் விழுந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கேட்டின் முன்னால் நின்ற நாளில் வராமல் போன கேள்வி அப்போதுதான் வந்தது.

"டீச்சருங்க. இது எப்பத்தானுங்க தீரும்?"

"எது?"

வெள்ளிங்கிரி நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

டீச்சர் இன்னொரு வாய் எடுத்தார். அதை மென்று விழுங்கினார்.

"தீர வேண்டாம், வெள்ளிங்கிரி. உங்களுக்கும் தீர்ந்துபோச்சுன்னா, அவளைச் சுமக்கறதுக்கு நான் ஒருத்திதான் மிச்சம். என்னால தனியா முடியலை. சாப்பிடுங்க."

வெள்ளிங்கிரி கரண்டியை எடுத்தார்.